வெள்ளிப்பட்டை ஈயும் ஒரு ஐஸ்கிரீம் கப்பும்

வேலைக்காலம் முழுவதையும் மேடம் வங்கியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஓட்டினார். காசோலைகளின் கையெழுத்தைச் சரிபார்க்கும் மேஜை. இடப்பக்கம், வாடிக்கையாளர் கணக்குத் தொடங்கிய நாளில் போட்ட கையெழுத்து. வலப்பக்கம், இன்று போட்டது. இரண்டும் ஒன்று என்றால் ஒரு முத்திரை, இல்லையென்றால் "பொருந்தவில்லை" என்று இன்னொரு முத்திரை. மற்றவர்கள் அந்த மேஜையில் உட்கார்ந்தால் முதல் முத்திரை தேயும். மேடம் உட்கார்ந்தபோது இரண்டாவது தேய்ந்தது. அலுவலகத்தில் அவருக்குப் "பொருந்தவில்லை மேடம்" என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அபிப்பிராயப்பட்டார்.

மேலாளர் போட்ட கையெழுத்தை மேலாளரிடமே திருப்பி அனுப்பிய பெருமையும் அவருக்கு உண்டு. "இதை நான்தாம்மா போட்டேன். உங்க கண்ணு முன்னாடி போட்டேன்" என்று அந்த மனிதர் கெஞ்சினார். "போட்டது நீங்கதான் சார். ஆனா பொருந்தல" என்றார் மேடம். மேலாளர் தன் அறைக்குப் போய், பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டு திரும்பி வந்தார்.

கல்யாணமும் அந்த மேஜையில்தான் ஆரம்பித்தது. டவுன் பஸ் டிரைவர் ஒருவருடைய காசோலையை மேடம் திருப்பி அனுப்ப, அவர் காக்கிச் சட்டையோடு சண்டைக்கு வந்தார். பஸ் கதவில் நசுங்கிய வலது கட்டைவிரலை, கட்டோடு கண்ணாடித் தடுப்புக்கு மேலே தூக்கிக் காட்டி, "இந்த விரலை வச்சுக்கிட்டு எப்படிங்க பழைய மாதிரி போடுறது?" என்று கத்தினார். மேடம் விரலை நன்றாகப் பார்த்தார். "விரல் ஆறினதும் வந்து புதுசா ஒரு மாதிரிக் கையெழுத்து போட்டுக் குடுங்க" என்றார். விரல் ஆறியது. நகம் நடுவில் பிளந்து, நுனி சப்பையாகி, வெளிப்பக்கமாக வளைந்து ஆறியது. டிரைவர் வந்தார், புதுக் கையெழுத்தும் போட்டார். அதற்குப் பிறகும் வேலையில்லாமல் வந்துகொண்டிருந்தார். மேடத்தின் வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டபோது, "கையெழுத்து மாறாத ஆள்" என்று சொன்னார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு மேடத்தின் கண்ணுக்கு வேலையில்லாமல் போனது. வேலையில்லாத கண் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கத் தொடங்கும். வெளியூரில் இருக்கும் மகள் படம் அனுப்பினால், "போன மாசப் படத்துக்கும் இதுக்கும் இடது கன்னம் ஒத்துப்போகலையே, ராத்திரி தூங்குறியா?" என்று கேட்பார். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, பூச்சிப் படங்களுக்குப் பெயர் சொல்லும் இணையதளம் ஒன்றைக் கணினியில் திறந்து வைத்தாள். "உன் கண்ணுக்கு ஏதாவது தீனி போடணும்மா. இல்லேன்னா அது என்னைத் தின்னுடும்."

அந்தத் தளத்தில் உலகத்தில் உள்ள எல்லாரும் தங்கள் வீட்டுப் பூச்சியைப் படம் எடுத்துப் போடுவார்கள். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆமோதித்தால் பெயர் உறுதி. பட்டாம்பூச்சிக்குப் பெயர் சொல்ல ஆயிரம் பேர் முண்டியடித்தார்கள். மேடத்துக்குக் கூட்டம் பிடிக்காது. யாரும் சீண்டாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்தார். அங்கே பெரிய தலை ஈக்கள் கிடந்தன. எள்ளளவுதான் இருக்கும். உடம்பு பேருக்கு, தலை முழுக்கக் கண். பயிர்ச் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியைப் பறந்துபோய்த் தூக்கி, அதன் வயிற்றில் ஒரு முட்டையைக் குத்தி விட்டுவிடும். குட்டிப் புழு உள்ளேயே சாப்பிட்டு வளர்ந்து, வீட்டுக்காரனைக் காலி செய்துவிட்டு வெளியே வரும். கண்ணே உடம்பாக, வேலையே குறியாக இருக்கும் இந்த ஈயை மேடத்துக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், இந்த ஈக்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. இனத்தை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஆண் ஈயின் பின்பக்கத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆசையாகப் படம் எடுப்பவர் எவரும் ஈயை அந்தக் கோணத்தில் எடுப்பதில்லை. ஆகவே மேடம் எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே வாக்கியத்தை எழுதினார்: "பெரிய தலை ஈ. படத்தை வைத்து இனம் உறுதியாகச் சொல்ல முடியாது." சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர், "அப்புறம் எதற்கு நீங்கள் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். முடியாது என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டாமா? வெளிநாட்டில் இருந்த ஒரு பல் டாக்டர் மட்டும் மேடம் எழுதிய ஒவ்வொன்றையும் அடுத்த நிமிடமே ஆமோதித்தார். அவருக்கு ஈயைப் பற்றி என்ன தெரியும் என்று மேடம் கேட்டதில்லை. ஆமோதிப்பவரை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

இந்தச் சமயத்தில்தான் டிரைவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "தினமும் நடங்க. நடக்கலேன்னா திரும்ப என்கிட்ட வருவீங்க. இல்லேன்னா என்கிட்டகூட வர மாட்டீங்க." ஐஸ்கிரீமுக்கும் தடை போட்டார். டிரைவர் வீட்டுக்கு வந்ததும் கடைசியாக ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, காலி கப்பைக் கழுவி டிவி மேல் வைத்தார். சோபாவில் சாய்ந்தார். "ஊரையே உட்கார்ந்த இடத்துலேருந்து சுமந்துக்கிட்டுப் போனவன் நான். என்னைப் போய் நடக்கச் சொல்றாரு பாரு."

மேடம் கெஞ்சினார், மிரட்டினார், மகளை விட்டுப் போனில் அழச் சொன்னார். டிரைவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடத்துக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் சோபாவிலேயே போய்விடுவார் என்று நிச்சயமாகத் தோன்றியது. ஒருநாள் காலை, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பூங்கா வேலி ஓரத்துல தலை ஈ இருக்குதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வரீங்களா? எனக்கு முட்டி வலிக்குது." முட்டி வலி உண்மை. மற்றது தந்திரம்.

டிரைவர் போனார். கைபேசியில், சின்னதைப் பெரிதாகக் காட்டும் ஒட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எடுத்த முதல் படங்கள் எல்லாம் கறுப்பு மங்கல். வெளிச்சம் போட்டால் ஈ பளீரென்று வெளுத்துப்போனது. வண்டி பழுதானால் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிப் பழகிய மனிதர் அல்லவா? டிவி மேலிருந்த கப்பின் அடியை வெட்டினார். கைபேசியின் வெளிச்சம் கப்புக்குள் பட்டுப் பரவி, அகன்ற வாய் வழியே ஈயின் மேல் இதமாக விழுந்தது. இடது கையில் கைபேசி, வலது கையில் கப். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

அந்த முதல் நல்ல படத்தில் ஈயின் முதுகுக் கடைசியில், இடுப்பைச் சுற்றி வெள்ளியாக ஒரு பட்டை மின்னியது.

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தலை ஈக்களில் படத்தை வைத்தே சொல்லக்கூடிய இனம் ஒன்றே ஒன்று உண்டு. வெள்ளிப்பட்டை ஈ. கறுத்த உடம்பில் சாம்பல் தூவியது போல் ஒரு பட்டை இருக்கும். அது மலைக்காடுகளில் மட்டும் தட்டுப்படும் அபூர்வம் என்று புத்தகம் சொன்னது. மேடம் புத்தகத்தை இடப்பக்கம் வைத்தார், படத்தை வலப்பக்கம் வைத்தார். தளத்திலேயே படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் நிரல் ஒன்றும் உண்டு. அது இனம் சொல்லாமல், பொதுவாகக் "கறுப்புத் தலை ஈ" என்றது. அதற்கு என்ன தெரியும்? மேடம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தலை ஈக்கு இனப்பெயர் எழுதினார். பல் டாக்டர் அடுத்த நிமிடம் ஆமோதித்தார்.

அன்றிலிருந்து டிரைவர் வேறு மனிதர். விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஈக்குப் "பட்டைக்காரன்" என்று பெயர் வைத்தார். படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரை உட்கார வைத்துக் காட்டினார். டாக்டருக்கும் ஒரு பிரதி கொடுத்தார். டாக்டர் ஈயைப் பார்க்காமல் ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். கப் பிடிக்கும் விதத்தை டிரைவர் ஒரு வீடியோவாக எடுத்துத் தளத்தில் போட்டார். வாயெல்லாம் பல்லாக, "ஐஸ்கிரீம் சாப்பிடுறதைப் பத்தி உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க" என்று முடித்திருந்தார்.

பட்டைக்காரன் பரவத் தொடங்கினான். பக்கத்து ஊரில் ஒன்று, கடலோரத்தில் சில, வெகு தூரத்தில் ஒரு தபால்காரரின் தோட்டத்தில் ஒரு கூட்டமே. வரைபடத்தில் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. தட்பவெப்பம் மாறுவதால் ஈ மலையிலிருந்து இறங்கி வருகிறது என்று மேடம் முடிவு கட்டி, ஒரு நீண்ட குறிப்பும் எழுதினார். ஏதோ ஓரத்தில் ஒரு சின்ன உறுத்தல் இருந்ததால், தளத்து நிரலிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். இந்த முறை அது "வெள்ளிப்பட்டை ஈ" என்று அடித்துச் சொன்னது. மேடத்துக்கு நிம்மதி. அந்த நிரல் இடைப்பட்ட காலத்தில் பாடம் படித்ததே மேடம் பெயர் எழுதிய படங்களை வைத்துத்தான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. தான் போட்ட கையெழுத்தைத் தானே சரிபார்த்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

குட்டு உடைந்தது தபால்காரரால். அவர் அனுப்பிய புதுப் படத்தில் பட்டைக்குள் நெடுக மெல்லிய வரிகள் இருந்தன. மேடம் துள்ளினார். வரி வைத்த வடிவம்! யாரும் கண்டிராதது! "நீங்கள் எடுத்ததிலேயே இதுதான் அருமை. எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டார். தபால்காரர் வெள்ளந்தியாகப் பதில் எழுதினார்: "பழைய கப் உடைந்துவிட்டது மேடம். இது வேறு கம்பெனி கப். உள்பக்கம் வரிவரியாக இருக்கும்."

மேடம் அந்தப் பதிலை இன்னொருமுறை படித்தார். பிறகு டிரைவரின் முதல் படத்தைத் திறந்து, பட்டையைப் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். ஈயின் பளபளத்த கறுப்பு முதுகில் வளைந்து தெரிந்தது ஒரு ஐஸ்கிரீம் கப்பின் உள்புறம். அதன் விளிம்பில், ஓரமாக, கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. நடுவில் பிளந்த நகம். சப்பையான நுனி. வெளிப்பக்கமாக ஒரு வளைவு. டிரைவரின் கட்டைவிரல் கையும் களவுமாக மாட்டியிருந்தது.

அது சாதாரணக் கறுப்புத் தலை ஈ. எல்லாமே சாதாரணக் கறுப்புத் தலை ஈதான். பரவியது ஈ இல்லை, கப். நிரல் முதல் தடவை சொன்னதுதான் சரி. மேடம்தான் அதைக் கெடுத்திருந்தார்.

முன்னறையில் டிரைவர் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே சீட்டியடித்தார். மேடம் கணினியை அணைத்தார். மேலாளருக்கே முகதாட்சணியம் பார்க்காத மேடம், அன்று பொருந்தாத ஒன்றைத் தெரிந்தே விட்டுவிட்டார். சொன்னால் இந்த மனிதர் ஷூவைக் கழற்றிவிடுவார். ஷூ கழன்றால் சோபா. சோபாவுக்குப் பிறகு என்ன என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஈயின் பெயர் தப்பாக இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் இருந்தால் போதும். டிரைவர் கொண்டுவந்த புதுப் படங்களுக்கும் "வெள்ளிப்பட்டை" என்றே எழுதினார்.

ஆனால் பொய்க்கும் வயசு உண்டு போலிருக்கிறது. தலை ஈக்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய நிபுணரே ஒருநாள் டிரைவருக்குக் கடிதம் எழுதினார். ஒரு பட்டைக்காரனைப் பிடித்து அனுப்ப முடியுமா? டிரைவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வலை வாங்கினார். மத்தியானப் பொட்டை வெயிலில் பூங்கா மேட்டில் ஏறி இறங்கினார். பிடித்துச் சீசாவுக்குள் போட்டுப் பார்த்தால் ஈயின் இடுப்பில் பட்டை இல்லை. மறுபடி ஓடினார். இரைக்க இரைக்க, சட்டை நனைந்து வீடு வந்து சேர்ந்தார்.

"என்னன்னே தெரியல" என்றார், வெறும் சீசாவைப் பார்த்தபடி. "படம் எடுக்கிறப்ப பட்டை இருக்கு. பிடிச்சதும் கழட்டி எங்கியோ வச்சிடறான். எனக்குக் கண்ணு போச்சா, கை போச்சான்னு தெரியல. இதுக்குக்கூட லாயக்கில்லாமப் போயிட்டேன் போல."

அதை மேடத்தால் தாங்க முடியவில்லை. மேடம் செய்த தப்புக்கு அவர் தன்னையே திட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இங்க வந்து உட்காருங்க" என்றார். கணினியைத் திறந்து, பட்டையைப் பெரிதாக்கிக் காட்டினார்.

டிரைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கப்பு மாதிரி இருக்கே."

"கப்புதான்."

"இது என்ன, ஓரத்துல?"

"உங்க விரல்."

டிரைவர் தன் விரலைத் தூக்கிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "எப்பத்திலேருந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா. தப்பா பேரு வச்சது நான். அதுக்கப்புறம் தெரிஞ்சே மறைச்சதும் நான். சொன்னா நடக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

"நீயா?" என்றார் டிரைவர். ஈ போனதைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி. எழுந்துபோய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, சோபாவுக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்தார். ஷூவையும் அங்கேயே வைத்தார். பிறகு சோபாவில் சாய்ந்தார்.

மேடம் ஒவ்வொரு படமாகத் திறந்து பெயரைத் திரும்பப் பெற்றார். எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு, கப்பின் கதையை விளக்கி எழுதினார். நிபுணருக்கும் எழுதினார். ஒரு சாயங்காலத்துக்குள் ஓர் இனம் சமவெளி முழுவதிலிருந்தும் மறைந்தது. பல் டாக்டர் மறைந்ததையும் ஆமோதித்தார்.

டிரைவர் அந்த வாரம் முழுக்க அசையவில்லை. சாப்பிட்டார், டிவி பார்த்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். கோபம் இருந்திருந்தால்கூட மேடம் சமாளித்திருப்பார். கோபம் இல்லை. கடைசியில் ஒருநாள் காலை, முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு, கப்பையும் அவருடைய கைபேசியையும் எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் பூங்காவுக்குத் தானே போனார்.

போனவர் படங்களோடு திரும்பினார். திரையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இது என்ன? ஈயா, எள்ளா?"

"ஈதான்."

"கப்பை ஏன் உலக்கை மாதிரி புடிச்சிருக்க? வெளிச்சம் எல்லாம் ஒரே பக்கம் விழுது பாரு." டிரைவர் சோபாவிலிருந்து எழுந்து வந்திருந்தார். "இதுல பட்டை இடது பக்கம் இருக்கு. இதுல வலது பக்கம் போயிடுச்சு. அதே ஈதானே?"

"அதே ஈதான். கை நடுங்கிடுச்சு."

டிரைவர் கப்பை எடுத்து விரல்களுக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அப்போ கப்பைத் திருப்பித் திருப்பி ரெண்டு படம் எடுத்தா? பட்டை நகர்ந்தா அது கப்பு. நகரலேன்னா?"

மேடம் மெல்லத் திரும்பினார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "நகரலேன்னா அது பட்டை" என்றார்.

"பட்டைக்காரன் இங்க இல்லவே இல்லைன்னு எவனாவது நிரூபிச்சிருக்கானா?"

"இல்ல. நம்ம படத்துல இல்லைன்னுதான் சொன்னேன்."

"அப்போ இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் மேடம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய வார்த்தை அது. "ஆனா வெயிலுக்கு முன்னாடி வந்துடணும்."

டிரைவர் சோபாவுக்குப் பின்னால் கையை விட்டு ஷூவை எடுத்தார்.

இதுவரைக்கும் பட்டைக்காரன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஈக்கும் இரண்டு படம். எல்லாப் பட்டையும் நகர்கிறது. தபால்காரரும் அப்படியே எடுக்கிறார், அவருக்கும் நகர்கிறது. டாக்டர் மட்டும் பரம திருப்தியாக இருக்கிறார்.

சட்டம் முன்னறைக்குத் திரும்ப வந்துவிட்டது. டிரைவரே மாட்டினார். வருபவர்களிடம், "ஈ முதுகுல என் விரல் தெரியுது பாருங்க" என்று காட்டுகிறார். யாருக்கும் தெரிவதில்லை, இருந்தாலும் ஆமோதிக்கிறார்கள். படத்துக்கு அடியில் பழைய பெயரை மறைத்து மேடம் ஒரு புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார். வங்கிக் காலத்து நேரான கையெழுத்து. அதில் இப்படி இருக்கிறது:

"ஈ: படத்தை வைத்து இனம் உறுதியாகச் சொல்ல முடியாது. விரல்: உறுதி."